பெரியப்பாவின் பெரிய திரையும் மாமியின் சின்னப் போனும்

எங்கள் ஊர்க் கோயிலுக்கு நான் முதன்முதலில் செய்து கொடுத்த இணையத்தளத்தின் அகலம் 960 பிக்சல். அதற்கு ஒரு காலத்தில் நியாயம் இருந்தது. அப்போது நிறையக் கணினித் திரைகள் 1024 அகலம். ஸ்க்ரோல் பட்டைக்கு இடம் விட்டால் 960 அழகாகப் பொருந்தும். 2, 3, 4, 5, 6, 8, 12 என எல்லாவற்றாலும் மிச்சமில்லாமல் பிரியும் எண் என்பதால் பக்கத்தை நிரல் நிரலாகப் பிரிப்பதும் சுலபம்.

கொடியேற்றத்துக்கு முதல்நாள் சுன்னாகத்திலிருந்து மாமி போன் எடுத்தார். "தம்பி, தேர் எண்டைக்கு எண்டே தெரியேல்லை, பாதி வெட்டுப்பட்டுக் கிடக்கு." அவசரமாக அகலத்தை நூறு வீதம் என்று மாற்றிவிட்டுப் படுத்தேன். விடிய ரொறன்ரோவிலிருந்து பெரியப்பா. அவரிடம் இருப்பது 1920 பிக்சல் திரை. "ஒரு வரி முடிஞ்சு அடுத்த வரிக்கு வரேக்க எங்க நிண்டனான் எண்டு தேட வேண்டிக் கிடக்கு."

இரண்டு பேர் சொன்னதும் சரி. எங்கள் ஊர்த் தளங்களுக்கெல்லாம் இதுதான் நிலைமை: பாதிச் சனம் இங்கே போனில் பார்க்கும், மீதி வெளிநாட்டில் பெரிய திரையில் பார்க்கும். ஆகவே பக்கத்துக்கு ஒரே அகலம் தேடுவதை விட்டுவிட்டு, எழுத்து எதுவரை விரியலாம் என்று மட்டும் முடிவெடுங்கள்.

முதலில் பக்கத்தின் எச்டிஎம்எல் குறிமுறையில், 'ஹெட்' என்ற தலைப்பகுதியில், வியூபோர்ட் மெட்டா வரி இருக்கிறதா என்று பாருங்கள். பக்கத்தை எந்த அகலத்தில் வரைவது என்று போனுக்குச் சொல்லும் வரி அது. அதில் அகலம் 'டிவைஸ்-விட்த்', அதாவது கருவியின் அகலம், என்று இருக்க வேண்டும். அது இல்லாவிட்டால் போன் உங்கள் பக்கத்தைக் கணினிப் பக்கம் என்று நினைத்து, பொதுவாக 980 பிக்சல் அகலத்தில் வரைந்து, பிறகு சுருக்கிக் காட்டும். எழுத்து எறும்பு மாதிரி வரும். போன் பெட்டியில் 1080 என்று போட்டிருப்பதைப் பார்த்தும் ஏமாற வேண்டாம். பக்கத்தின் தோற்றத்தை எழுதும் மொழி சிஎஸ்எஸ்; அகலத்தில் மூன்று திரைப்புள்ளிகளை ஒரு சிஎஸ்எஸ் பிக்சலாக எண்ணும் போனில் உங்களுக்குக் கிடைப்பது 360தான்.

பக்கத்தை அந்த 360இல் இருந்து கட்டத் தொடங்குங்கள். 320இலும் உடையாமல் இருந்தால் இன்னும் நல்லது. அணுகல்தன்மைக்கான டபிள்யூசிஏஜி 2.1 விதிகளும் 320 அகலத்தில் பக்கவாட்டாக இழுக்காமல் வாசிக்க முடிய வேண்டும் என்றுதான் கேட்கின்றன. 1280 திரையை 400 வீதம் பெருப்பித்தால் வருவதும் அதே 320. கண் மங்கியவர்கள் அப்படித்தான் வாசிப்பார்கள்.

இனி எழுத்து. கட்டுரை இருக்கும் பெட்டிக்கு 'விட்த்' (நிலையான அகலம்) கொடுக்காமல் 'மாக்ஸ்-விட்த்' (கூடிய பட்ச அகலம்) கொடுங்கள். இரண்டு பக்க மார்ஜினும் (வெளி இடைவெளி) 'ஆட்டோ', உள்ளே 16 பிக்சல் பாடிங் (உள் இடைவெளி). திரை சின்னதென்றால் பெட்டி சுருங்கும், பெரிதென்றால் ஓர் எல்லையில் நின்று நடுவுக்கு வரும். எல்லை எவ்வளவு? ஆங்கில வழிகாட்டிகள் வரிக்கு 45 முதல் 75 எழுத்து என்று சொல்லி, 65 சிஎச் என்று போடச் சொல்லும். நானும் அப்படியே போட்டுப் பார்த்தேன், சரிவரவில்லை. ஒரு சிஎச் என்பது பூச்சிய இலக்கத்தின் அகலம். எங்கள் 'ணௌ', 'ஞை' எல்லாம் அதற்குள் அடங்குமா? நான் 40 ரெம் போடுகிறேன்; ஒரு ரெம் என்பது பக்கத்தின் அடிப்படை எழுத்தளவு. வழமையான அமைப்பில் அது 640 பிக்சல். எழுத்து 18 பிக்சல் என்றால் வரிக்கு ஏழெட்டுச் சொல் வரும். ரெம் என்பதால், பெரியப்பா உலாவியில் எழுத்தைப் பெருப்பித்தால் பெட்டியும் சேர்ந்து பெருக்கும். வரி இடைவெளியை 1.7 அளவில் வையுங்கள். கொம்பும் கொக்கியும் ஒன்றோடொன்று முட்டாது.

நீளச் சொற்கள் வேறொரு தொல்லை. 'சனசமூகநிலையத்தினருக்கு' என்று சேர்த்து எழுதினால் சின்னப் போனில், அதுவும் தலைப்பு அளவில், பெட்டியைத் தாண்டி நீட்டிக்கொண்டு நிற்கும். 'ஓவர்ஃப்ளோ-ராப்' விதிக்கு 'பிரேக்-வேர்ட்' கொடுத்தால் இடம் போதாதபோது மட்டும் சொல் உடையும். 'பிரேக்-ஆல்' பக்கமே போகாதீர்கள். அது எல்லாச் சொல்லையும் வரி முடியும் இடத்தில் கண்டபடி வெட்டும்.

மாமியின் திருவிழா அட்டவணைக்கு வருவோம். நாள், திருவிழா, உபயகாரர், நேரம் என்று நான்கு நிரல். அட்டவணையை ஒரு பெட்டிக்குள் வைத்து, 'ஓவர்ஃப்ளோ-எக்ஸ் ஆட்டோ' கொடுத்தால் அது மட்டும் இழுபடும், பக்கம் அசையாது. ஆனால் மாமி இழுத்துப் பார்க்க மாட்டார். அதனால் போனில் ஒவ்வொரு நாளையும் தனிக் கட்டமாக்கி ஒன்றின் கீழ் ஒன்றாக அடுக்கினேன்; 600 பிக்சலுக்கு மேலே போனால்தான் அட்டவணை.

அந்த 600 எந்தப் போன் விளம்பரத்திலிருந்தும் வந்ததில்லை. உலாவிச் சாளரத்தை மெல்ல மெல்ல அகட்டிக்கொண்டு போனேன், நான்கு நிரலும் நெரிபடாமல் நின்ற இடம் அது. உங்கள் பக்கத்துக்கு வேறு எண் வரலாம்.

படங்களுக்கு மாக்ஸ்-விட்த் நூறு வீதம், உயரம் ஆட்டோ, அவ்வளவுதான். தேர்ப் படத்தை மட்டும் 40 ரெம்முக்குள் அடைக்காமல் திரை முழுக்க விட்டேன். அதற்கு 100 விடபிள்யூ (சாளரத்தின் முழு அகலம்) போட்டால் கணினியில் ஸ்க்ரோல் பட்டையின் அகலமும் சேர்ந்து, பக்கம் ஒரு துளி பக்கவாட்டில் ஆடும். படத்தைக் கட்டுரைப் பெட்டிக்கு வெளியே வைத்து நூறு வீதம் கொடுங்கள்.

குரோமில் எஃப்12 அழுத்தி, திறக்கும் பலகத்தில் போன் படக்குறியைச் சொடுக்கினால் போன் அளவுகளில் பார்க்கலாம். நான் அதோடு நிற்காமல் மாமி வீட்டுக்கே சைக்கிளில் போனேன். அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பெருவிரலால் கீழே தள்ளித் தள்ளிப் பார்த்தார். "ஒன்பதாம் நாள் தேர், விடிய ஏழு மணிக்கு," என்று வாசித்துவிட்டுத் தேத்தண்ணி போட எழும்பினார்.