நெரிஞ்சிப்பேட்டையிலிருந்து ஓர் அந்திப் படகுப் பயணம்: முதல்முறை போகிறவர்களுக்கு

அந்தமானுக்கோ மாலத்தீவுக்கோ போய் வந்தவர்கள் சூரியன் மறையும் நேரத்துப் படகுப் படங்களை வாட்ஸப்பில் வரிசையாக அனுப்பும்போது, கொங்கு நாட்டில் இருக்கும் நாம் பெருமூச்சு விடத் தேவையில்லை. காவிரியின் மேற்குக் கரையில் ஈரோடு மாவட்டத்து நெரிஞ்சிப்பேட்டை, கிழக்குக் கரையில் சேலம் மாவட்டத்துப் பூலாம்பட்டி. நடுவே கதவணை தேக்கி வைத்திருக்கும் அகன்ற நீர்ப்பரப்பு. இரண்டு ஊரையும் இணைத்து விசைப்படகு ஓடுகிறது. அக்கரைக்கு வேலையாகப் போகிறவர்கள் ஏறும் படகு இது. அவர்களோடு உட்கார்ந்து போவதால்தான் எனக்கு இது பிடித்திருக்கிறது.

முதலில் ஆற்றை விசாரியுங்கள்

கிளம்பும் முன் செய்ய வேண்டிய முக்கியமான வேலை இதுதான். ஆற்றின் மேல்பக்கம் இருக்கும் மேட்டூர் அணை முழுக் கொள்ளளவான 120 அடியை எட்டி உபரி நீர் பெருமளவில் திறக்கப்பட்டால் படகை நிறுத்திவிடுவார்கள். கதவணையில் பராமரிப்பு வேலைக்காகத் தண்ணீரை வடித்தாலும் படகு ஓடாது. அப்போது ஆற்றில் பாறைதான் தெரியும். செய்தித்தாளில் மேட்டூர் நீர்வரத்து, நீர் வெளியேற்றம் என்று தினமும் போடுகிற சிறு கட்டத்தைப் பாருங்கள். வெளியேற்றம் வழக்கத்தைவிட வெகுவாக எகிறிக்கொண்டிருந்தால் பயணத்தைத் தள்ளிப்போடுங்கள். வெள்ளத்தை வேடிக்கை பார்க்கப் படகு ஏற்ற இடமல்ல.

எந்த மாதம்?

கார்த்திகை முதல் தை வரை என்பது என் கட்சி. பாசனத்துக்கு மேட்டூரைத் திறக்கும் வழக்கமான காலம் ஜூன் 12 முதல் ஜனவரி 28 வரை. அதன் பின்பாதியில் பெரும்பாலும் வெள்ளம் தணிந்திருக்கும். பொழுதும் சீக்கிரம் சாயும். நவம்பர் கடைசியில் இந்தப் பக்கம் சூரியன் மறைவது ஏறக்குறைய 5.50க்கு. ஜூலையில் அதுவே 6.45ஐத் தாண்டும், அதற்குள் படகு நின்றுவிட்டால் வந்தது வீண்.

எந்தக் கரையில் ஏறுவது?

பலர் பூலாம்பட்டியில் ஏறுகிறார்கள். சூரியன் மேற்கே, பாலமலைப் பக்கம் இறங்குகிறது. கிழக்குக் கரையில் ஏறினால் போகும்போது காட்சி முகத்துக்கு நேரே இருக்கும், உண்மைதான். ஆனால் இருட்டும் வேளையில் திரும்பிவரப் படகு இருக்குமா என்ற கவலையும் கூடவே ஏறிக்கொள்ளும். ஆகவே முதல்முறை போகிறவர்கள் நெரிஞ்சிப்பேட்டையில் ஏறுங்கள். போகும்போது வெயில் முதுகில் அடிக்கும். திரும்பும்போது மலையும் சூரியனும் எதிரே இருக்கும், இறங்கும் இடம் நம் கரையாகவும் இருக்கும்.

ஈரோடு, பவானியிலிருந்து அம்மாபேட்டை வழியாக மேட்டூர் போகும் பஸ் நெரிஞ்சிப்பேட்டையில் நிற்கும். இறங்கிப் படகுத்துறைக்கு வழி கேட்டால் யாரும் சொல்வார்கள்.

ஏறுவது

மாலை நான்கு மணி வாக்கில் துறைக்கு வந்துவிடுங்கள். வந்ததும் கேட்க வேண்டிய முதல் கேள்வி: “அக்கரையிலிருந்து கடைசிப் படகு எத்தனை மணிக்குங்க?” நேற்று சொன்ன நேரம் இன்றைக்குச் செல்லாமல் போகலாம், அன்றன்றைக்குக் கேளுங்கள்.

படகில் ஆட்களோடு இருசக்கர வாகனங்களும் ஏறும். வண்டிகள் ஏறி நிலைகொள்ளும் வரை ஒதுங்கி நில்லுங்கள். அந்தச் சில நிமிடங்களில் படகு ஒரு பக்கம் சாய்ந்து, மெதுவாக நிமிரும். பயப்பட வேண்டாம், ஆனால் அந்த நேரத்தில் படகுக்குள் நடமாடாதீர்கள். சைலன்சர் சூடாக இருக்கும், காலை ஒட்டி வைக்கக் கூடாது. இன்ஜினுக்குத் தள்ளி உட்கார்ந்தால் சத்தமும் டீசல் வாடையும் குறையும். லைஃப் ஜாக்கெட் கொடுத்தால் மாட்டிக்கொள்ளுங்கள். குழந்தைகளுக்குக் கேட்டே வாங்குங்கள். கையைத் தண்ணீரில் விட்டு அளையும் ஆசையைக் கரையிலேயே விட்டுவிட வேண்டும்.

பூலாம்பட்டியில்

கைலாசநாதர் கோயில் ஆற்றங்கரையில் இருக்கிறது. கும்பிட்டு வந்த பிறகு மீன் கடை. மீனைக் கண்ணெதிரே எண்ணெயில் போட்டு வறுக்கச் சொல்லுங்கள். முன்பே பொரித்துத் தட்டில் ஆறிக் கிடப்பதை வாங்காதீர்கள். மசாலா ஓரங்களில் கருகத் தொடங்கும்போது எடுத்தால்தான் ருசி. முள் இருக்கும், பேச்சைக் குறைத்துச் சாப்பிடவும். (கோயிலுக்கு முன்பா பின்பா என்பதில் வீட்டுப் பெரியவர்கள் சொல்வதே சட்டம்.)

திரும்பும் படகு

கடைசிப் படகை நம்பாமல் அதற்கு முந்தைய படகைப் பிடியுங்கள். அதைத் தவறவிட்டாலும் இன்னொன்று கைவசம் இருக்கும்; கடைசியைத் தவறவிட்டால் சாலை வழியாகச் சுற்ற வேண்டியதுதான். மலை குறுக்கே நிற்பதால், நாட்காட்டியில் போட்டிருக்கும் நேரத்துக்கு முன்பே சூரியன் ஒளிந்துகொள்ளும். அரை மணி நேரம் முன்னதாகப் படகில் இருப்பது நல்லது.

படம் எடுக்கிறவர்கள் செல்போன் திரையில் வானத்தின் வெளிச்சமான பகுதியைத் தொட்டு, வெளிச்சத்தைச் சற்றுக் குறைத்துக்கொள்ளுங்கள். இல்லாவிட்டால் வானம் வெளுத்துப்போகும். இரண்டு மூன்று படம் போதும். சூரியன் மறைந்த கையோடு செல்போனை உள்ளே வைக்காதீர்கள். மலைக்கு மேலே சிவப்பு ஏறுவது அதற்குப் பிறகுதான்.

கரை சேர்ந்ததும் வண்டிகள் இறங்கட்டும், பிறகு நீங்கள். பவானி, ஈரோடு போகிறவர்கள் மேட்டூரிலிருந்து வரும் பஸ்ஸுக்காகச் சாலைக்கு வர வேண்டும். இருட்டிய பின் பஸ் குறைவு என்பதால், மாலையில் வந்து இறங்கியபோதே திரும்பும் பஸ் நேரத்தை டீக்கடையில் கேட்டு வைத்திருங்கள்.