காய்ச்சல் செப்சிஸாக மாறுகிறதா? வீட்டில் எண்ண வேண்டியவை, ஆஸ்பத்திரியில் சொல்ல வேண்டியவை

பிசான நெல் நடவு நேரத்தில் நெல்லை மாவட்டத்து அம்பாசமுத்திரம், சேரன்மகாதேவி பக்கம் யாருக்காவது காய்ச்சல் கண்டால் எல்லோரும் தெர்மாமீட்டரைத்தான் தேடுவார்கள். 103 என்றால் பதற்றம். 99-க்கு இறங்கினால், "காய்ச்சல் விட்டுட்டு, தூங்குதாவ" என்று நிம்மதி. செப்சிஸில் இந்தக் கணக்கு உயிரை வாங்கிவிடும். கிருமியை எதிர்க்கக் கிளம்பிய உடம்பு நிலைதடுமாறித் தன் உறுப்புகளையே கெடுத்துக்கொள்வதுதான் செப்சிஸ். அதைக் காட்டிக்கொடுப்பவை மூச்சு, புத்தி, பிரஷர், மூத்திரம் நான்கும். வயதானவர்களுக்குக் காய்ச்சலே இல்லாமலும் வரும், உடம்பு 96.8 டிகிரிக்குக் கீழே குளிர்ந்துபோவதும் கெட்ட அறிகுறிதான்.

மூச்சை எண்ணுவதில்தான் பலரும் தப்பு செய்கிறார்கள். "எண்ணப் போறேன்" என்று சொன்னாலே மூச்சின் போக்கு மாறிவிடும். நாடி பார்ப்பதுபோல் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு, வயிறு ஏறி இறங்குவதை முழுதாக ஒரு நிமிஷம் எண்ணுங்கள். 15 நொடி எண்ணி நாலால் பெருக்கினால் எண்ணிக்கை பிசகும். பெரியவர்களுக்கு 22, அதற்கு மேல் என்றால் எச்சரிக்கை. காய்ச்சலாலும் மூச்சு வேகமாகும் என்பதால், பாரசிட்டமால் கொடுத்து ஒரு மணி நேரம் கழித்து மறுபடி எண்ணுங்கள். சூடு இறங்கியும் மூச்சு இறங்கவில்லை என்றால் வண்டியைக் கூப்பிடுங்கள். குழந்தைகளுக்கு இந்த எண் பொருந்தாது.

பிரஷர் மெஷினில் மேல் எண் 100 அல்லது அதற்குக் கீழே இருந்தால் அவசரம். எப்போதும் 150 இருப்பவருக்கு 110 கூடச் சரிவுதான். அந்த நிலையில் வழக்கமான பிரஷர் மாத்திரையை டாக்டரைக் கேட்காமல் கொடுக்க வேண்டாம். இன்று என்ன கிழமை, பக்கத்தில் இருப்பது யார் என்று கேளுங்கள். திடீரென்று உளறினாலோ, தட்டித் தட்டி எழுப்ப வேண்டியிருந்தாலோ மேற்கொண்டு எதையும் எண்ணிக்கொண்டிருக்காமல் 108-ஐ அழையுங்கள். 60 கிலோ ஆளுக்கு மணிக்கு 30 மி.லி. மூத்திரமாவது வர வேண்டும். காலையிலிருந்து மதியம்வரை போகவே இல்லை என்றால் அதுவும் அவசரம்.

ஆள்காட்டி விரல் நுனியை வெளுக்கும்வரை அழுத்தி, 10 நொடி அப்படியே பிடித்துவிட்டு விடுங்கள். நிறம் திரும்ப 3 நொடிக்கு மேல் ஆனால் ரத்தம் விரல்வரை சரியாக வரவில்லை என்று அர்த்தம். 2019-இல் வெளியான ஆண்ட்ரோமீடா ஆய்வுக்குப் பிறகு ஐ.சி.யு.விலும் சிகிச்சை சரியாகப் போகிறதா என்று பார்க்க இந்தச் சோதனை பயன்படுகிறது.

இனி நம் ஊருக்கென்றே ஒரு வேலை. வயல், தோட்டம், மலையடிவாரம் போய்வந்தவர் என்றால் உடம்பு முழுக்கத் தேடுங்கள்: அக்குள், தொடையிடுக்கு, மார்புக்கு அடியில், அரைஞாண் கயிறு, பாவாடை நாடா இறுகும் இடம். பீடி நெருப்புச் சுட்டதுபோல் கறுப்புப் பொருக்கு, சுற்றிலும் சிவப்பு வளையம். வலிக்காது, அதனால் அவருக்கே தெரிந்திருக்காது. அது உண்ணிக் காய்ச்சல், அதாவது ஸ்கிரப் டைபஸின் அடையாளம். பொருக்கு இல்லை என்பதால் அந்த நோய் இல்லை என்று ஆகிவிடாது. இந்தக் கிருமி செல்லுக்குள்ளேயே குடியிருப்பதால் செஃப்டிரியாக்சோன் போன்ற வழக்கமான ஊசிகள் வேலை செய்யாது. டாக்சிசைக்ளின் அல்லது அசித்ரோமைசின் வேண்டும். வேலூர் சி.எம்.சி. முன்னின்று நடத்தி 2023-இல் வெளியான ஆய்வில், நோய் முற்றியவர்களுக்கு இரண்டையும் சேர்த்து ஊசியாகக் கொடுத்தபோது, ஒன்றை மட்டும் கொடுத்ததைவிடச் சிக்கல்கள் குறைந்தன. இறப்பில் மட்டும் தெளிவான வித்தியாசம் தெரியவில்லை. எனவே "வயக்காட்டு வேலை பாக்காவ" என்பதை டாக்டர் கேட்கும் முன்பே சொல்லிவிடுங்கள். தேங்கிய நீரில் நின்றவர் என்றால் எலிக் காய்ச்சலையும் நினைக்க வேண்டும்.

சர்க்கரைக்காரர் என்றால் விரலிடுக்கு, உள்ளங்கால் பாருங்கள். சீழ் கட்டியிருந்தால் மருந்து மட்டும் போதாது, திறந்து வெளியேற்ற வேண்டும். மூத்திரக் குழாயில் கல் அடைத்துக் கிருமி தொற்றினாலும் அதே கதைதான்.

தெருமுனையில் ஒரு குளுக்கோஸ் ஏற்றிப் பார்ப்போம் என்று பொழுதைக் கழிப்பதுதான் பெரிய நஷ்டம். மெடிக்கலில் வாங்கும் ஆன்டிபயாடிக்கும் கெடுதல்தான்: என்ன கிருமி என்று அறிய ரத்தத்தில் அதை வளர்த்துப் பார்க்கும் கல்சர் சோதனையில் பிறகு கிருமி வளராமல் போகலாம். ஏற்கெனவே கொடுத்திருந்தால் அட்டையைக் கையோடு கொண்டுபோங்கள். எண்ணிய மூச்சு, பிரஷர், கடைசியாக மூத்திரம் போன நேரம் மூன்றையும் ஒரு துண்டுச் சீட்டில் எழுதிக்கொள்ளுங்கள். பாளையங்கோட்டை ஹைகிரவுண்டு அரசு ஆஸ்பத்திரி அவசரப் பிரிவில் அந்தச் சீட்டு பல கேள்விகளை மிச்சப்படுத்தும்.

உள்ளே போனதும் கல்சருக்கு ரத்தம் எடுப்பார்கள். பிரஷர் சரிந்திருந்தால் ஒரு மணி நேரத்துக்குள் ஆன்டிபயாடிக் ஏற வேண்டும். சரியாமல், செப்சிஸ்தானா என்ற சந்தேகமும் இருந்தால் 3 மணி நேரம்வரை சோதித்துப் பார்க்க இடமுண்டு. 2021 சர்வதேச வழிகாட்டுதல், பிரஷர் சரிந்தவர்களுக்கு முதல் 3 மணி நேரத்தில் கிலோவுக்கு 30 மி.லி. திரவம் என்கிறது, 60 கிலோவுக்கு 1,800 மி.லி. ஆனால் முதற்கட்டத் திரவம் ஏறிய பிறகு, மேலும் நிறைய ஏற்றுவதும், குறைத்துக்கொண்டு பிரஷரை ஏற்றும் நோர்அட்ரினலின் மருந்தைச் சீக்கிரம் தொடங்குவதும் ஏறக்குறைய ஒன்றுதான் என்று 2023-இல் குளோவர்ஸ் ஆய்வு காட்டியது. ஆகவே "பாட்டிலை நிறுத்திட்டாங்களே" என்று நர்ஸிடம் சண்டைக்குப் போகாதீர்கள். நுரையீரலில் நீர் கோத்துவிடாமல் இருக்கவும் நிறுத்தியிருப்பார்கள். வைட்டமின் சி ஊசி போடச் சொல்லியும் கேட்காதீர்கள். 2022-இல் வெளியான ஆய்வில் அதைப் போட்டுக்கொண்டவர்களின் நிலைமை மோசமாகத்தான் இருந்தது.

வீடு திரும்பிய பிறகும் சில வாரங்களுக்குக் கைகால் ஓய்ச்சலும் மறதியும் இருக்கும். அதோடு மறுபடி காய்ச்சலோ இளைப்போ தெரிந்தால், பழைய மாத்திரையைத் தேடாமல் அன்றைக்கே டிஸ்சார்ஜ் அட்டையோடு போய்விடுங்கள்.