மட்டக்களப்புக் கோட்டைக்குள் கண்காட்சி பார்க்கப் போகிறீர்களா?

மட்டக்களப்பு நகரின் புளியந்தீவில் உள்ள இந்தக் கோட்டைக்குள் நெடுங்காலம் கச்சேரி, அதாவது மாவட்ட அரச நிர்வாக அலுவலகம், இயங்கியது. கண்காட்சி பார்க்க வார நாளில் காலையிலேயே போங்கள். போயா எனும் பௌர்ணமி விடுமுறையில் போனால் வாசலோடு திரும்ப நேரலாம். அடையாள அட்டை கையில் இருக்கட்டும்.

1628இல் போர்த்துக்கேயர் கட்டத் தொடங்கிய கோட்டை இது. 1638இல் ஒல்லாந்தர் பிடித்தனர். வாசலில் அவர்களின் கிழக்கிந்தியக் கம்பனிச் சின்னத்தைப் பார்த்துவிட்டே உள்ளே போங்கள். தேய்ந்த கல்லெழுத்து உச்சிவெயிலில் புலப்படாது. சாய்வெயிலில் பள்ளங்களில் நிழல் விழும், அப்போதுதான் வாசிக்க முடியும்.

கண்ணாடிப் பெட்டிகளை நேராக நின்று படமெடுத்தால் உங்கள் உருவமே விழும். சற்றுச் சரிவாக நில்லுங்கள். பழைய காகிதங்களுக்கு ஃபிளாஷ் வேண்டவே வேண்டாம், வெளிச்சம் பட்டுப்பட்டு மை மங்கிவிடும்.

அனுமதி கேட்டு மதிலில் ஏறுங்கள். இருபுறம் வாவி, மற்ற இருபுறம் அகழி. இந்த இடத்தைத் தேர்ந்த காரணம் அங்கே நின்றால்தான் விளங்கும்.