கால் பூவைப் பார்த்துக் கடை போடாதீர்கள்: சார்ட் பார்த்துப் பங்கு வாங்குகிறவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

காரைக்குடிப் பக்கத்து வீடுகளில் வளவைச் சுற்றி ஆத்தங்குடி கல் பதித்திருப்பார்கள். எங்கள் வீட்டுக் கல்லில், ஒரு கல்லுக்குக் கால் பூதான் இருக்கும், நாலு கல்லைத் திருப்பி ஒட்ட வைத்தால்தான் பூ முழுசாகும். சார்ட் (விலை ஏறி இறங்குவதைக் காட்டும் வரைபடம்) பார்த்துப் பங்கு வாங்க ஆரம்பித்த முதல் வருடம் நான் செய்ததெல்லாம், ஒரு கல்லைப் பார்த்துவிட்டுப் பூ பூத்துவிட்டது என்று பணத்தைப் போட்டதுதான்.

விலை அடுத்து எங்கே போகும் என்று சொல்வதாக சார்ட்டில் தெரியும் உருவங்களைத்தான் பேட்டர்ன் என்பார்கள். அதில் டபுள் பாட்டம், அதாவது ஒரே பள்ளத்துக்கு இரண்டு தடவை இறங்கித் திரும்புவது, என்பதையே எடுத்துக்கொள்வோம். ஒரு பங்கு 200 ரூபாய்க்கு இறங்குகிறது, 220 வரை ஏறுகிறது, மறுபடி 201-க்கு வந்து லேசாகத் திரும்புகிறது. அது 205-ல் இருக்கும்போதே நமக்குக் கை அரிக்கும், ‘W’ மாதிரி தெரிகிறதே, இப்போதே வாங்கினால் 15 ரூபாய் மிச்சமாச்சே என்று. ஆனால் 220-ஐத் தாண்டி முடியும் வரை அங்கே பேட்டர்ன் என்று ஒன்றுமே கிடையாது, இறங்கிக்கொண்டிருக்கும் ஒரு பங்கு நடுவில் இளைப்பாறுகிறது, அவ்வளவுதான். நான் 205-ல் வாங்கினேன், அது 170 வரை போய்க் காட்டியது.

‘முடியும் வரை’ என்று சொன்னதில் இன்னொரு சங்கதி இருக்கிறது. காலை 11 மணிக்கு 223-ஐத் தொடும், வாட்ஸ்அப் குழுவில் ‘பிரேக் அவுட்’ (தடையை உடைத்து மேலே போய்விட்டது) என்று வெடி வெடிப்பார்கள், மூன்றரைக்குச் சந்தை மூடும்போது பார்த்தால் 217-ல் நிற்கும், மேலே நீளமாக ஒரு திரி, அன்றைக்குத் தொட்டுவிட்டு வந்த உயரத்தைக் காட்டும் கோடு, மட்டும் மிச்சமிருக்கும். தினசரி சார்ட்டில் பேட்டர்ன் பார்த்தால் தினசரி முடிவு விலைதான் சாட்சி. அதற்காகக் காத்திருந்தால் இரண்டு மூன்று ரூபாய் கூடக் கொடுத்து வாங்க வேண்டி வரும், கொடுத்துவிட்டுப் போங்கள். கூடவே வால்யூமையும், அதாவது அன்றைக்கு எத்தனை பங்கு கைமாறியது என்பதையும், பாருங்கள். கடைசி 20 நாள் சராசரியைப் போல ஒன்றரை மடங்காவது இருந்தால்தான் நான் திரும்பிப் பார்ப்பேன். இது என் கணக்கு, சட்டம் ஒன்றும் இல்லை.

அடுத்தது, வாங்கிவிட்டுப் பேட்டர்ன் தேடுவது. இதைச் செய்யாதவர் யாராவது இருந்தால் அவர் காலில் விழலாம். பங்கு கைக்கு வந்த மறுநாளிலிருந்து எல்லாமே ஏறுமுகமாகத் தெரியும், ஏறப்போகிற பேட்டர்னின் பெயராகத் தேடி ஒட்டுவோம், இறங்கினால் ‘ஃபிளாக்’ என்போம், இன்னும் இறங்கினால் ‘கப் அண்ட் ஹேண்டில்’ என்போம், கப்பும் உடைந்த பிறகு ‘பெரிய கப்’ என்போம். இதற்கு நான் கண்டுபிடித்த ஒரே மருந்து, கம்பெனிப் பெயரையும் விலையையும் மறைத்துவிட்டு சார்ட் படத்தை மட்டும் சின்னப்பச்சி (சித்தப்பா) மகனுக்கு அனுப்புவது. அவனுக்கு இந்த வியாபாரமே தெரியாது, பள்ளத்தூரில் மளிகைக்கடை வைத்திருக்கிறான். ஒரு தடவை நான் ஆகா ஓகோ என்று நினைத்த ஒன்றைப் பார்த்துவிட்டு, “அண்ணே, இது மாடியிலருந்து இறங்குற படி மாதிரில்ல இருக்கு?” என்றான். அதுதான் உண்மையும்.

போனஸ் (கையில் இருக்கும் பங்குக்கு இலவசமாகக் கூடுதல் பங்கு), ஸ்ப்ளிட் (ஒரு பங்கைப் பலவாக உடைப்பது) வந்த பங்குகளில் ஒரு சின்ன கண்ணி உண்டு. ஒன்றுக்கு ஒன்று போனஸ் கொடுத்தால் அது அமலுக்கு வரும் அன்று விலை பாதியாகத் தெரியும். அதைச் சரிசெய்யாத சார்ட்டில் பங்கு பாதாளத்தில் விழுந்த மாதிரி இருக்கும், மலிவு என்று ஓடாதீர்கள்.

அப்புறம், பெயர் தெரியாத சின்னப் பங்குகள். முனீஸ்வரன் கோயில் தெருவில் பழைய சாமான் கடைகளில் ஒரு தேக்கு நிலையை விலை கேட்டிருந்தால் உங்களுக்கே தெரியும். கடைக்காரர் சொல்வதுதான் விலை, வேண்டுமென்கிறவர் ஒருவர் வந்தால் ஏறும், யாரும் வராவிட்டால் அது நிலை கூட இல்லை, விறகு. ஒரு நாளைக்குச் சில ஆயிரம் பங்குகளே கைமாறும் கம்பெனியின் சார்ட்டும் அப்படித்தான். பேட்டர்ன் என்பது ஆயிரக்கணக்கான பேரின் ஆசையும் பயமும் சேர்ந்து போடுகிற கோலம், நாலு பேர் மட்டும் விளையாடும் இடத்தில் அந்தக் கோலத்தை நாலு பேரே வரைந்துவிடலாம். அதைவிட மோசம், விழ ஆரம்பித்தால் லோயர் சர்க்யூட்டில் (ஒரு நாளில் இதற்குக் கீழே இறங்கக் கூடாது என்ற வரம்பில்) போய் நின்றுவிடும், 5 சதவீதம், மறுநாள் இன்னொரு 5, வாங்க ஆளே இருக்காது. உங்கள் ஸ்டாப் லாஸ், அதாவது இந்த விலைக்கு இறங்கினால் விற்றுவிடு என்று போட்டு வைத்த ஆர்டர், வரிசையில் நின்றுகொண்டே இருக்கும்.

சரி, ஸ்டாப் லாஸுக்கு வருவோம். மற்ற தவறுகளெல்லாம் பணத்தைக் கடிக்கும், இது விழுங்கிவிடும்.

‘மனசுக்குள்ள வச்சிருக்கேன்’ என்று சொல்லும் ஸ்டாப் லாஸ் ஸ்டாப் லாஸே இல்லை. பங்கு 250-ல், தப்பானால் 240-ல் வெளியேறுவேன் என்று நினைத்து வாங்கினேன். 241-க்கு வந்ததும் ‘238 வரைக்கும் பார்ப்போம், அங்கே ஒரு சப்போர்ட் இருக்கு, முன்னாடியும் அங்கேதான் திரும்புச்சு’ என்று தோன்றியது. 238 உடைந்ததும் இன்னும் கொஞ்சம் வாங்கி ஆவரேஜ் செய்தேன், அதாவது என் சராசரி வாங்கு விலையைக் குறைத்தேன். 215-க்கு வந்ததும் கம்பெனியின் ஆண்டறிக்கையை முதல் தடவையாகத் திறந்து படித்தேன், நல்ல கம்பெனிதான், நீண்டகாலத்துக்கு வைத்திருக்கலாம் என்று முடிவு செய்தேன். இரண்டு வாரத்துக்கென்று போட்ட பணம் இரண்டரை வருடம் அங்கேயே கிடந்தது. அந்த இரண்டரை வருடத்தில் வந்த நல்ல பூவெல்லாம் என் கண் முன்னாலேயே பூத்து உதிர்ந்தது, வாங்கக் கையில் காசு இல்லை.

இதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு பர்மா கணக்கு ஞாபகம் வரும். நகரத்தார், அதாவது எங்கள் பக்கத்துச் செட்டியார்கள், அங்கே போனது நிலம் வாங்கி விவசாயம் செய்ய இல்லை, நெல் பயிரிடுகிறவர்களுக்கு வட்டிக்குக் கொடுக்க. 1930-க்குப் பிறகு உலக மந்தத்தில் நெல் விலை சரிந்தது, வாங்கியவர்களால் கட்ட முடியவில்லை, அடமான நிலங்கள் இவர்கள் தலையில் வந்து விழுந்தன. கீழ் பர்மாவின் முக்கியமான 13 நெல் மாவட்டங்களில் 1930-ல் சுமார் 6 சதவீத நிலம் செட்டியார்களிடம் இருந்தது, 1938-ல் அது 25 சதவீதம். சுழல வேண்டிய பணம் சேற்றில் இறங்கிவிட்டது. 1942-ல் ஜப்பான்காரன் வந்தான், எல்லாவற்றையும் போட்டுவிட்டுக் கிளம்ப வேண்டியதாயிற்று. 1948-ல் சுதந்திர பர்மா நில நாட்டுடைமைச் சட்டமும் கொண்டுவந்தது.

அவர்களைக் குறை சொல்ல நமக்கு யோக்யதை இல்லை. அவர்களிடம் ‘செல்’ பட்டன் கிடையாது, அந்த மந்தத்தில் அவ்வளவு நிலத்தை வாங்க யார் இருந்தார்கள்? நமக்கு பட்டன் இருக்கிறது, காலை ஒன்பதேகாலிலிருந்து மாலை மூன்றரை வரை போனிலேயே இருக்கிறது, அதை அழுத்தாமல் நாமே நம் பணத்தைச் சேற்றில் இறக்குகிறோம்.

அதனால் வாங்கின கையோடு ஸ்டாப் லாஸை ஆர்டராகவே போட்டுவிடுங்கள், தினமும் போடச் சோம்பல் என்றால் ஜிடிடி (சொன்ன விலை வரும் வரை நாள் கணக்கில் காத்திருக்கும் ஆர்டர்) வசதி இருக்கிறது. பேட்டர்ன் எங்கே பொய்யாகிறதோ அதுதான் ஸ்டாப் லாஸ் இருக்க வேண்டிய இடம், ‘எனக்கு 2 சதவீதம்தான் தாங்கும்’ என்பதெல்லாம் சந்தைக்குத் தெரியாது. மேலே நகர்த்தலாம், கீழே நகர்த்தக் கூடாது. இதுவும் முழுக் காப்பு இல்லை. காலாண்டு முடிவு மோசமாக வந்து மறுநாள் காலை 225-ல் திறந்தால் உங்கள் 240 காற்றில் போய்விடும், 225-க்குத்தான் விற்கும், இதற்குக் கீழே விற்காதே என்று லிமிட் வைத்துப் போட்டிருந்தால் அதுவும் விற்காமல் நிற்கலாம். ரிசல்ட் நாளைத் தெரிந்துகொண்டு முன்னாலேயே குறைத்துவிடுவது நல்லது.

எவ்வளவு வாங்குவது என்பதில் பலர் தலைகீழாக யோசிக்கிறார்கள், கையில் ஒரு லட்சம் இருந்தால் ஒரு லட்சத்துக்கும் வாங்குவது. இப்படிப் போட்டுப் பாருங்கள். ஒரு லட்சத்தில் ஒரு தடவைக்கு 1 சதவீதம், அதாவது 1,000 ரூபாய்தான் இழக்கத் தயார். வாங்கும் விலை 250, ஸ்டாப் லாஸ் 240, ஒரு பங்குக்கு 10 ரூபாய் ஆபத்து. ஆயிரத்தைப் பத்தால் வகுத்தால் 100 பங்கு, 25,000 ரூபாய். அவ்வளவுதான் வாங்கலாம். வரிசையாக ஐந்து தடவை தப்பானாலும் சுமார் 5 சதவீதம்தான் போயிருக்கும். பாதியை விட்டவனுக்கோ, பழைய இடத்துக்கு வரவே மிச்சத்தை இரண்டு மடங்காக்க வேண்டும்.

காலையில் விட்டதை மதியத்துக்குள் பிடிக்கப் போவதும் அளவை மறக்கிற வேலைதான். 2024 ஜூலையில் செபி (பங்குச் சந்தையைக் கண்காணிக்கும் அமைப்பு) ஓர் ஆய்வு வெளியிட்டது. 2022-23-ல் பங்குகளில் இன்ட்ராடே (அன்றைக்கே வாங்கி அன்றைக்கே விற்பது) செய்த தனிநபர்களில் பத்துக்கு ஏழு பேர் நஷ்டம், அதிலும் லாபம் பார்த்தவர்களைவிட நஷ்டப்பட்டவர்களே அதிக தடவை வாங்கி விற்றிருக்கிறார்கள். ஆப்ஷன்ஸ், ஃபியூச்சர்ஸ் (பங்கின் வருங்கால விலையை வைத்து ஒரு தேதிக்குள் முடியும்படி போடும் ஒப்பந்தங்கள்) பக்கம் போனால் இன்னும் கேவலம். அதே ஆண்டு செப்டம்பரில் வந்த ஆய்வில், 2021-22 முதல் மூன்று நிதியாண்டுகளில் தனிநபர்களில் 93 சதவீதம் பேர் நஷ்டம், மொத்தம் 1.8 லட்சம் கோடி ரூபாய்க்கு மேல். பேட்டர்ன் சரியாக இருந்தும் ஆப்ஷனில் நாள் கடந்து பணம் கரைந்துவிடும், ஆகவே சார்ட் பழகுகிற வரைக்குமாவது அந்தத் தெருப் பக்கமே போகாதீர்கள். ஒரு நஷ்டம் வந்தால் அன்றைக்கு நான் ஆப்பை மூடிவிட்டு செக்காலைப் பக்கம் டீ குடிக்கப் போய்விடுவேன். டீக்கடையிலும் டிப்ஸ் கொடுக்க ஆள் இருப்பார்கள் என்பது வேறு விஷயம்.

கடைசியாக, எழுதி வைக்காதது. பேரேடும் ஐந்தொகையும் இல்லாமல் ஒரு காசு நகராத ஊரில் பிறந்துவிட்டு, மூன்று வருடம் வாங்கி விற்றதற்கு என்னிடம் ஒரு துண்டுச் சீட்டு கூட இல்லாமல் இருந்தது. அப்பச்சி இதைக் கேட்டுவிட்டு ஒன்றும் சொல்லவில்லை, கடையிலிருந்து நீளவாக்கில் கோடு போட்ட நோட்டு ஒன்றை வாங்கிவந்து மேசையில் வைத்தார். தேதி, பேட்டர்ன், வாங்கிய விலை, எங்கே போனால் தப்பு, எத்தனை பங்கு, ஏன் விற்றேன் என்று ஆறு கட்டம் போட்டுக்கொண்டேன். முதல் மூன்று கட்டம் எப்போதும் நிறைந்துவிடும். ‘எங்கே போனால் தப்பு’ என்ற கட்டம்தான் பல வரிகளில் காலியாகக் கிடந்தது. வருடக் கடைசியில் அந்தக் காலி வரிகளை மட்டும் தனியாகக் கூட்டிப் பார்த்தேன். தொகையை இங்கே எழுத முடியாது, வீட்டில் இதைப் படிப்பார்கள்.