வீட்டுத்திட்டக் காணியில் நைத்திரேற்று: ஒரு போத்தல் தண்ணீரை நம்பி விடும் பிழைகள்

வீடு கட்டப்போகும் காணியின் கிணற்றுத் தண்ணீருக்கு வந்த ஆய்வுகூட அறிக்கையில், உரத்தாலும் மலக்கழிவாலும் நீரில் சேரும் நைத்திரேற்று 12 என்று இருக்கும். இலங்கைத் தர எல்லை லீற்றருக்கு 50 மில்லிகிராம். 'கால்வாசிகூட இல்லை, நல்ல தண்ணீர்' என்று கையெழுத்து வைத்துவிட்டு அடுத்த கிழமை அத்திவாரம் வெட்டுவார்கள். அந்த 12, நைத்திரேற்றில் உள்ள நைதரசனை மட்டும் கணக்கிட்ட எண்ணாக இருக்கலாம். 50 என்ற எல்லையோ ஒட்சிசனும் சேர்ந்த முழு நைத்திரேற்றுக்கு உரியது. அப்படியானால் 12-ஐ 4.43-ஆல் பெருக்கி முழு நைத்திரேற்றாக்கிப் பாருங்கள்: 53. எல்லை தாண்டியாயிற்று. எந்தக் கணக்கில் தந்த எண் என்று அறிக்கையில் இல்லாவிட்டால் கேட்டு எழுதுவித்துக்கொள்ளுங்கள்.

யாழ்ப்பாணத்தில், அதுவும் வலிகாமத்துச் செம்மண் காணிகளில், இந்தப் பிழை சிறிதல்ல. மெல்லிய மண், அதற்குக் கீழே வெடிப்பும் பொந்துமாகச் சுண்ணாம்புக்கல். வெங்காயத்துக்கும் புகையிலைக்கும் போட்ட யூரியாவும், மலசலகூடக் குழியில் ஊறியதும் வடிபடாமலே கீழே இறங்கிவிடும். 1980-களிலிருந்தே இது தெரிந்த கதை. சுன்னாகத்துக் கிணறுகளில் எண்ணெய் மிதந்தபோது எல்லோரும் பதறினோம், அது மணத்தது. நைத்திரேற்றுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை, ருசியும் இல்லை.

எப்போது தண்ணீர் எடுத்தீர்கள் என்பதையும் யாரும் கேட்பதில்லை. கோடையில் எடுத்த ஒரு மாதிரியை வைத்து ஆண்டு முழுவதற்கும் தீர்ப்புச் சொல்ல முடியாது. மாரியின் முதல் மழைகள் தோட்டத்து மண்ணில் தேங்கிக் கிடந்த நைத்திரேற்றைக் கழுவிக் கீழே இறக்கும்; மழை நீடித்தால் கொஞ்சம் ஐதாகலாம். குறைந்தது கோடைக் கடைசியில் ஒன்று, மாரி தொடங்கிய பிறகு ஒன்று, மாரி ஓய்ந்த பிறகு ஒன்று எடுங்கள். ஒரு கிணறும் போதாது. பக்கத்து வளவுக் கிணறு வேறு வெடிப்பிலிருந்து ஊறலாம்.

எடுக்கும் விதமும் முக்கியம். வாளியால் மேல்தண்ணீரை அள்ளாதீர்கள். சிறிது நேரம் இறைத்துவிட்டு எடுங்கள். போத்தலை அதே தண்ணீரால் அலசி நிரப்பி, ஐஸ் பெட்டியில் இருட்டாக வைத்து, 48 மணித்தியாலத்துக்குள் கொடுங்கள். மோட்டார் சைக்கிள் பெட்டியில் வெயிலில் கிடந்தால் நுண்ணுயிர்கள் நைத்திரேற்றை மாற்றிவிடும், அப்புறம் எண்ணுக்கு அர்த்தமில்லை.

நைத்திரேற்றை மட்டும் அளந்தால் எங்கிருந்து வந்தது என்று தெரியாது. மலக்கிருமிச் சோதனையும் அமோனியமும் சேர்த்துக் கேளுங்கள். கிருமி இருந்தால் முதலில் குழிகளைச் சந்தேகிக்கலாம். இல்லாததால் குழி குற்றமற்றது என்று ஆகாது, கிருமி வழியில் செத்தாலும் நைத்திரேற்று போய்ச் சேரும். குளோரைட்டு கழிவுக்கு ஒரு தடயம்தான், ஆனால் கடலோரத்தில் உப்பும் அதே தடயத்தைத் தரும்.

என் பார்வையில் பெரிய பிழை, இன்றைய தண்ணீரை மட்டும் பார்ப்பது. 40 வீடு வந்தால் 40 குழியும் வரும். வரைபடத்தில் வீட்டை வைத்துவிட்டு மிச்ச மூலையில் குழியையும் கிணற்றையும் திணிக்கிறோம். சுண்ணாம்புக்கல்லில் அடிக்கணக்கு இடைவெளியை மட்டும் நம்ப முடியாது. வெடிப்பு எந்தப் பக்கம் ஓடுகிறதோ தண்ணீரும் அந்தப் பக்கம்தான் ஓடும்.

'ஆழமாக்கினால் நல்ல தண்ணீர் வரும்' என்பார்கள். இங்கே நன்னீர் உப்புநீரின் மேல் மிதக்கிறது. ஆழப்படுத்தினால் உப்பு ஏறும். கொதிக்க வைத்தால் கிருமி சாகும், ஆனால் நீர் ஆவியாகி நைத்திரேற்று இன்னும் செறிவாகும். அந்தத் தண்ணீரில் பால்மா கரைத்துக் கொடுத்தால் பச்சிளங் குழந்தைக்கு ஆபத்து: இரத்தம் ஒட்சிசனைச் சுமக்கும் வலு குறைந்து உடல் நீலம் பாரிக்கும். குளோரீன் போட்டும் பயனில்லை. நுண்ணிய சவ்வால் வடிகட்டும் ஆர்.ஓ. கருவி நைத்திரேற்றைக் குறைக்கும். ஆனால் அது கழிக்கும் தண்ணீரை எங்கே விடுகிறார்கள் என்று பாருங்கள். பலர் அந்தக் குழாயைக் கிணற்றடி வாழைக்குத்தான் திருப்பி வைத்திருப்பார்கள்.