ஆறு பேர், ஒரு கேமரா: மாணவர் பல்லூடகப் படைப்பில் யார் எதற்குப் பொறுப்பு?

ஓர் ஆனி மாதச் சாரலில் செங்கோட்டையிலிருந்து ஆறு மாணவர்கள் புனலூர் பஸ்ஸில் ஏறிக் கேரளப் பக்கத்துக் கழுதுருட்டிக்குப் போனார்கள். அங்குள்ள பதிமூன்று கண் ரயில் பாலத்தையும் செங்கோட்டை, புனலூர் மலை ரயில் பாதையையும் பற்றி ஒரு பல்லூடகப் படைப்பு செய்ய வேண்டும். கல்லூரியில் அந்தப் பருவத்துக்கான செய்முறை வேலை அது. இரவு திரும்பியபோது மூன்று மணி நேரக் காட்சிகள் இருந்தன. அவற்றில் கேட்டதெல்லாம் கணவாய்க் காற்றுதான். ஓய்வுபெற்ற ரயில்வே ஊழியர் ஒருவர் அரை மணி நேரம் மலையாளத்தில் பேசியிருந்தார்; அவர் சொன்னதை எழுதிக்கொள்ள ஒருவரும் இல்லை. ஒரு மெமரி கார்டு துடைத்துவிட்டது போலக் காலியாக இருந்தது. "நீ பிரதி எடுத்துவிட்டாய் என்று நினைத்தேன்" என்று இரண்டு பேர் ஒருவரைப் பார்த்து ஒருவர் சொன்னார்கள்.

அவர்களுக்கு வழிகாட்டி நான்தான். இயக்குநர், ஒளிப்பதிவாளர் என்று ஆளுக்கொரு பட்டம் கொடுத்திருந்தேன். அந்தப் பட்டத்துக்கு உரியவர் யாரிடம் எதைக் கொடுக்க வேண்டும், எப்போது கொடுக்க வேண்டும் என்று ஒரு வரிகூட எழுதிக் கொடுக்கவில்லை. அடுத்த வாரமே மீண்டும் போனோம். இந்த முறை கீழே உள்ள வழியில் வேலையைப் பிரித்தோம்.

படி 1: கடைசியில் கையில் என்ன இருக்க வேண்டும்?

ஆள் பெயர்களை எழுதும் முன் முடிவுப் பொருளை எழுதுங்கள். எங்களுக்கு அது மூன்று: 8 நிமிட வீடியோ, குறிப்புகளுடன் 20 புகைப்படங்கள், நிலையத்தின் பெயரைத் தொட்டால் படமும் ஒலியும் திறக்கும் ஒரு வரைபடப் பக்கம். இங்கிருந்து பின்னோக்கி வாருங்கள். வரைபடத்துக்கு என்ன வேண்டும்? ஒவ்வொரு நிலையத்திலும் எடுத்த படம், தனியாகப் பதிவுசெய்த ஒலி, ஒரே மாதிரி எழுதிய பெயர். கடைசியாகச் சொன்னதை அற்பம் என்று நினைக்காதீர்கள். கழுதுருட்டியை எங்கள் மாணவர்கள் மூன்று விதமாக எழுதியிருந்தார்கள். தென்மலை ஓர் இடத்தில் தமிழாக இருந்தது, இன்னோர் இடத்தில் தென்மலா ஆகியிருந்தது. பெயர்களை முடிவுசெய்வது யார் என்று கேட்டபோது எல்லோரும் கூரையைப் பார்த்தார்கள். பொறுப்பு இல்லாத வேலை இப்படித்தான் கண்ணில் படும். அதைப் பட்டியலில் சேருங்கள்.

படி 2: வேலைகளைப் பிரியுங்கள்

நான் முதலில் தேர்ந்தெடுப்பது தயாரிப்பு மேலாளரை. இந்த இடத்துக்கு யாரும் கை தூக்க மாட்டார்கள். வகுப்பிலேயே ஒழுங்கான ஆளைப் பிடித்து உட்கார வையுங்கள். அனுமதி, பயணம், சாப்பாடு, செலவுக் கணக்கு, பேட்டரி சார்ஜ், கேமராவுக்கு மழை உறை எல்லாம் இவருடைய தலையில். ரயில் நிலையத்திலும் தண்டவாளத்தின் ஓரத்திலும் படம் எடுக்க ரயில்வேயின் அனுமதி வேண்டும். செங்கோட்டை, புனலூர் பாதை தெற்கு ரயில்வேயின் மதுரைக் கோட்டத்தில் வருகிறது. கல்லூரியின் கடிதத்தோடு பல வாரங்களுக்கு முன்பே விண்ணப்பிக்க வேண்டும். அனுமதி வராவிட்டால் மாற்று வழியையும் மேலாளரே வைத்திருக்க வேண்டும். கழுதுருட்டிப் பாலம் கொல்லம், திருமங்கலம் தேசிய நெடுஞ்சாலையிலிருந்தே தெரிகிறது. சாலையோரத்தில் நின்று எடுத்துக்கொள்ளலாம். ட்ரோன் ஆசை வேண்டாம். இரு பக்கமும் காடு. அதற்கான அனுமதிகளை வாங்குவதற்குள் பருவமே முடிந்துவிடும்.

படப்பிடிப்புக்கு முந்தின நாள் மாலைக்குள் மேலாளர் எல்லோருக்கும் ஒரே ஒரு தாள் கொடுக்க வேண்டும்: எத்தனை மணிக்கு, எந்த பஸ், எந்த இடம், யாரிடம் எந்தக் கருவி, மழை வலுத்தால் என்ன செய்வது. திரும்பும் வழியில் பிரானூர் பார்டரில் பரோட்டா என்று அதில் ஒரு வரி இருந்தால், ஆறு பேரும் தாளை முழுவதும் படிப்பார்கள்.

இயக்குநர் கொடுக்க வேண்டியவை இரண்டு: படத்தின் கேள்வி ஒரே வாக்கியத்தில், அதற்குத் தேவையான காட்சிகளின் பட்டியல். "பழைய ரயில் பாதையைப் பற்றிய படம்" என்பது கேள்வி ஆகாது. எங்கள் இயக்குநர் நான்கு முறை எழுதிக் கிழித்த பிறகு இப்படி வந்தது: மீட்டர்கேஜ் ரயில் நின்ற 2010க்கும் அகலப்பாதை திறந்த 2018க்கும் நடுவில் இந்த மலையூர்க்காரர்கள் எப்படிப் போய்வந்தார்கள்? இதன் பிறகு பாலத்தைப் பத்துக் கோணத்தில் எடுக்கும் வெறி தானாகத் தணிந்தது. பஸ் நிறுத்தங்களும் பழைய பயணச்சீட்டுகளும் பட்டியலுக்குள் வந்தன.

எழுத்தாளர் தகவல் தாளைக் கொடுப்பவர். ஒவ்வொரு தகவலுக்கும் பக்கத்தில் அது கிடைத்த இடத்தைக் குறிக்க வேண்டும். "இரண்டு மாநிலங்களையும் பிரித்த எல்லையைக் கடக்க 1904இல் இந்தப் பாதையைத் திறந்தார்கள்" என்று முதல் வரைவில் ஒரு வரி இருந்தது. ஆண்டு சரி, எல்லை தப்பு. அப்போது செங்கோட்டையும் திருவிதாங்கூர் சமஸ்தானத்தில்தான் இருந்தது, புனலூரும் அதில்தான். 1956 நவம்பர் 1இல் செங்கோட்டை சென்னை மாநிலத்தோடு சேர்ந்த பிறகே கேரளப் பக்கத்து ஆரியங்காவுக்கும் நமக்கும் நடுவில் மாநில எல்லை வந்தது. பிழையைக் கண்டுபிடித்த மாணவி அதையே படத்தின் தொடக்கமாக மாற்றினாள். தகவல் விஷயத்தில் எழுத்தாளருக்குத் தடுக்கும் அதிகாரம் கொடுங்கள். அவர் தவறு என்று சொன்ன வரி படத்தில் போகக் கூடாது.

ஒளிப்பதிவாளருக்குச் சொல்ல அதிகம் இல்லை. செல்பேசியாக இருந்தால் கிடைமட்டமாகப் பிடியுங்கள். நொடிக்கு 25 பிரேம், ஷட்டர் வேகம் 1/50 நொடி வைத்தால் நம் ஊர் 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்தில் எரியும் டியூப்லைட் திரையில் துடிக்காது. ஒவ்வொரு காட்சியையும் குறைந்தது 10 நொடி அசையாமல் எடுங்கள். சட்டைப் பையில் லென்ஸ் துடைக்கும் துணி இருக்கட்டும். சாரலில் ஐந்து நிமிடத்துக்கு ஒரு முறை வேண்டியிருக்கும்.

படத்தொகுப்பாளரைப் படப்பிடிப்பு முடிந்த பிறகு கூப்பிடுவது பழைய வழக்கம்; அதை விட்டுவிடுங்கள். காட்சிப் பட்டியல் போடும் நாளிலேயே அவர் உட்கார வேண்டும். "பாலத்திலிருந்து நேரே பேட்டிக்குத் தாவ முடியாது, நடுவில் ஒரு நெருக்கக் காட்சி வேண்டும்" என்று அவரால்தான் சொல்ல முடியும்.

ஆறு பேருக்கு மேல் வேலை இருக்கிறதே என்றால், எதை எதோடு சேர்க்கலாம் என்று பாருங்கள். மேலாளரின் வேலை பெரும்பாலும் படப்பிடிப்போடு முடிகிறது, வரைபடப் பக்கத்தின் வேலை அதற்குப் பிறகுதான் தொடங்குகிறது. இரண்டையும் ஒருவரிடம் கொடுக்கலாம். படப்பிடிப்பு நாளில் படத்தொகுப்பாளருக்கு மெமரி கார்டுகளைப் பிரதி எடுக்கும் வேலை போக நேரம் மிஞ்சும். புகைப்படங்களை அவர் எடுக்கட்டும். ஒளிப்பதிவையும் ஒலிப்பதிவையும் மட்டும் ஒருவரிடம் கொடுக்காதீர்கள். கண் சட்டகத்துக்குள் போனதும் காது அடைத்துக்கொள்ளும். இயக்குநரும் படத்தொகுப்பாளரும் ஒருவராக இருப்பதும் எனக்குப் பிடிக்காது. மழையில் நனைந்து மேடேறி எடுத்த காட்சியை எடுத்தவரால் வெட்ட முடியாது.

படி 3: ஒலிப்பதிவாளருக்கு நிறுத்தும் உரிமை

முதல் பயணத்தில் எங்களைக் கவிழ்த்தது ஒலி. தென்மேற்குப் பருவத்தில் செங்கோட்டைக் கணவாயில் காற்று எப்படி வரும் என்று இந்தப் பக்கத்துக்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. குடையைக் கேட்டால் சொல்லும். மைக்கில் செருகும் வெறும் ஸ்பாஞ்சு உறை அந்தக் காற்றுக்குப் போதாது. முடி வைத்த காற்றுத் தடுப்பு உறை வேண்டும். பேட்டியை வெட்டவெளியில் வைக்காதீர்கள். காற்று வராத பக்கமாகச் சுவரை ஒட்டி உட்கார வையுங்கள், முடிந்தால் வீட்டுத் திண்ணைக்குப் போங்கள். பின்னால் பாலம் தெரியவில்லையே என்று இயக்குநர் முனகுவார். பாலத்தைத் தனியாக எடுத்துக்கொள்ளலாம்.

ஒலிப்பதிவாளர் காதிலிருந்து ஹெட்போனைக் கழற்றக் கூடாது. 48 கிலோஹெர்ட்ஸில் பதியுங்கள். பதிவுக் கருவியின் ஒலி அளவுகாட்டியில் பேச்சின் உச்சம் மைனஸ் 12 டெசிபல் அருகில் நிற்கட்டும். ஒவ்வொரு எடுப்பின் (டேக்) தொடக்கத்திலும் கேமராவின் முன் ஒரு முறை கை தட்டுங்கள். தனியாகப் பதிந்த ஒலியைப் படத்தோடு பொருத்த அது போதும். பேட்டி முடிந்ததும் எல்லோரும் வாயை மூடிக்கொண்டு 30 நொடி அந்த இடத்தின் வெறும் சத்தத்தைப் பதியுங்கள். வெட்டுகளுக்கு நடுவில் விழும் ஓட்டையை அடைக்க இதைவிட நல்ல பொருள் கிடையாது.

எங்கள் முக்கியமான விதி: ஒலிப்பதிவாளர் கையைத் தூக்கினால் எடுப்பு நிற்கும். மலைச்சாலையில் மர லாரி ஏறுகிறது, பக்கத்து வீட்டு மிக்ஸி ஓடுகிறது, காலர் மைக்கில் வேட்டித் துண்டு உரசுகிறது. எதுவானாலும் சரி, விவாதம் கிடையாது. முதல் பயணத்தில் ஒலிப்பதிவு செய்த பையன் காற்றைக் கேட்டிருக்கிறான். சொல்லத் தயங்கியிருக்கிறான், இயக்குநர் மூத்த வகுப்பு அண்ணன் என்பதால்.

ரயிலின் ஓசையைத் தனியாக எடுங்கள். மலைப்பாதையில் நாளுக்குச் சில வண்டிகளே ஓடுகின்றன. ஒன்றைத் தவறவிட்டால் அடுத்ததற்கு வெகுநேரம் காத்திருக்க வேண்டும். நேர அட்டவணை ஒலிப்பதிவாளரிடமும் ஒரு பிரதி இருக்கட்டும். அன்று இரவே அவர் படத்தொகுப்பாளரிடம் ஒலிக்குறிப்புத் தாளைக் கொடுக்க வேண்டும்: கோப்பு எண், இடம், எந்த எடுப்பு நன்றாக வந்தது.

படி 4: எல்லையூருக்கென்று ஒரு வேலை

பொதுவான பட்டியல்களில் மொழிப் பொறுப்பாளர் என்று ஒருவர் இருக்க மாட்டார். நமக்கு அவர் இல்லாமல் முடியாது. ஆரியங்காவு, தென்மலைப் பக்கத்தில் பலருக்கு இரண்டு மொழியும் தெரியும். அதற்காக நம் வசதிக்கென்று அவர்களைத் தமிழில் பேசச் சொல்லாதீர்கள். சொந்த மொழியில் பேசும்போதுதான் கோபமும் சிரிப்பும் வெளியே வரும்.

மலையாளம் நன்றாகத் தெரிந்த மாணவர் கேள்வி கேட்கட்டும். அன்று இரவே அவர் பேட்டியை நிமிடக் கணக்கோடு எழுதி, பக்கத்தில் தமிழ் அர்த்தத்தையும் எழுத வேண்டும். கேட்டால் புரிகிற மாதிரி இருக்கிறதே என்று அரைகுறையாக விடுவதில்தான் ஆபத்து. ரயில்வே பெரியவர் அந்தக் காலத்து நிலையத்தில் "வெள்ளம்" இல்லை என்று சொன்னார். அவர் சொன்னது குடிதண்ணீரை. எங்கள் முதல் துணைத்தலைப்பில் மழைக்காலத்திலும் அங்கே பெருவெள்ளம் வந்ததில்லை என்று போயிருந்தது. இப்படிப்பட்ட இரட்டைச் சொற்கள் இரு மொழிக்கும் நடுவில் எத்தனையோ.

துணைத்தலைப்பு ஒரு நேரத்தில் இரண்டு வரிக்கு மேல் வேண்டாம். படித்து முடிக்கும் வரை அது திரையில் நிற்கிறதா என்று மலையாளம் தெரியாத ஒருவரை உட்கார வைத்துப் பாருங்கள். பேட்டிக்கான ஒப்புதலையும் மொழிப் பொறுப்பாளரே வாங்க வேண்டும்: எதற்காக எடுக்கிறோம், எங்கே வெளியிடுவோம் என்று அவர்கள் மொழியில் சொல்லி, தாளில் கையெழுத்து அல்லது கேமராவின் முன் வாய்மொழி. சிறுவர் என்றால் பெற்றோரின் ஒப்புதல். ஊர்ப்பெயர் எழுத்தையும் இவரிடமே விட்டுவிட்டோம். கூரையைப் பார்ப்பது அதோடு நின்றது.

படி 5: கார்டு யார் கையில்?

காலிக் கார்டு வெள்ளை உறையில், நிரம்பிய கார்டு சிவப்பு உறையில். ஒளிப்பதிவாளர் சிவப்பு உறையைப் படத்தொகுப்பாளரிடம் மட்டும் கொடுக்க வேண்டும். அவர் இரண்டு தனித்தனி ஹார்டு டிஸ்க்குகளில் பிரதி எடுத்து, இரண்டிலும் நாலைந்து கோப்புகளை ஓட்டிப் பார்த்த பிறகே கார்டை அழிக்கலாம். அழிக்கும் உரிமை அவர் ஒருவருக்குத்தான். இரண்டு டிஸ்க்கும் ஒரே பையில் ஒரே பஸ்ஸில் வரக் கூடாது. கோப்புறையின் பெயரில் தேதி, இடம், கேமரா எண் மூன்றும் இருக்கட்டும். "புதியது", "புதியது இறுதி", "உண்மையான இறுதி" என்று பெயர் வைப்பவர்களை நான் மன்னிப்பதில்லை.

படி 6: மேசையில் சண்டை

சண்டை வரும். முதல் வெட்டு, அதாவது முதலில் தொகுத்த படம், எங்களுக்கு 19 நிமிடம் வந்தது. எது இருக்கும், எது போகும் என்பதில் கடைசிச் சொல் இயக்குநருக்கு. எப்படி வெட்டுவது என்பதில் படத்தொகுப்பாளருக்கு. படத்தின் நீளமும் வரிசையும் முடிவான தேதியை மேலாளர் தாளில் எழுதி எல்லோரிடமும் கையெழுத்து வாங்கட்டும். அதன் பிறகு ஒலியும் எழுத்தும் மட்டும் மாறலாம். பின்னணிக்குத் திரைப்படப் பாட்டைப் போடலாமா என்று யாராவது கேட்பார்கள். உரிமை வாங்காமல் போட்டால் இணையத்தில் ஏற்றியதும் ஒலியே முடக்கப்படலாம். சிரமப்பட்டு எடுத்த ரயிலோசை இருக்கும்போது பாட்டு எதற்கு?

மேலாளர் தாளின் கடைசி வரி, பேட்டி கொடுத்தவருக்கு ஒரு பிரதி. எங்கள் பெரியவரின் வீட்டில் கம்ப்யூட்டர் இல்லை. பென்டிரைவில் கொண்டுபோய் டிவியில் செருகினோம். தன் பேச்சு வந்த இடத்தில் அவர் ஒன்றும் சொல்லவில்லை. வண்டி பாலத்தைக் கடக்கும் இடம் வந்ததும் ரிமோட்டை எடுத்து ஒலியைக் கூட்டினார். கை தூக்கத் தயங்கிய அந்தப் பையன் கதவோரம் நின்றுகொண்டிருந்தான்.