காந்தாரத்தைப் பதினான்கு சென்ட் இறக்குவது எப்படி

பாட்டு டீச்சர் ஒருவருக்கு நான் சில வருடங்களாகக் கீபோர்டு வாசிக்கிறேன். அவர் பாடும் சுருதி ஐந்து கட்டை, அதாவது கீபோர்டின் ஜி. வாசிக்கப் போன முதல் வாரமே மோகன ராகத்தில் காந்தாரத்தை, ச ரி க-வில் வரும் க-வை, பிடித்து நின்றபோது கையைக் காட்டி நிறுத்தினார்.

"தம்பி, காந்தாரம் மேல நிக்குது. கொஞ்சம் இறக்குங்க."

"கீபோர்டுல அதை மட்டும் இறக்க முடியாதுங்க டீச்சர்."

அவர் பதில் சொல்லவில்லை. தம்புராவை எடுத்து மந்தர சட்ஜத் தந்தியை, கீழ் ச-வை, மட்டும் மீட்டினார். "இதுக்குள்ளயே காந்தாரம் இருக்கு, உத்துக் கேளுங்க" என்றார். தந்தி அடங்கும் நேரத்தில் மெல்லிய இழை போல அது கேட்டது. என் கீயை அழுத்தினேன். இரண்டும் சேர்ந்ததும் ஒலி வேகமாக விம்மியது, அலை போல ஏறி ஏறி இறங்கியது.

காரணம் எளிய கணக்குதான். அவருடைய மந்தர சட்ஜம் 98 ஹெர்ட்ஸ். தந்தி அதிரும்போது அதன் ஐந்து மடங்கான 490-ம் கூடவே பிறக்கிறது. மோகனத்தின் காந்தாரமான அந்தர காந்தாரம் அங்கேதான் உட்கார்ந்திருக்கிறது. ஸ்தாயியை, அதாவது ஒரு ச-விலிருந்து அடுத்த ச வரை உள்ள தூரத்தை, பன்னிரண்டு சம பங்காக வெட்டிய கீபோர்டில் அதே இடம் 493.9. நொடிக்கு நான்கு விம்மல். பாடுகிறவர் காது அதைப் பொறுக்காது. ஸ்தாயிக்கு 1,200 சென்ட் என்று வைத்துக்கொண்டால் நம் கீ கிட்டத்தட்ட 14 சென்ட் தூக்கி நிற்கிறது.

இறக்க முடியாது என்று நான் சொன்னதும் தவறு. யமஹாவின் இரண்டாம் தலைமுறை டிஎக்ஸ்7 சிந்தசைசரிலேயே, 1987-ல், ஒவ்வொரு கீயையும் தனியாக ஏற்றி இறக்கும் மைக்ரோ ட்யூனிங் வந்துவிட்டது. என்னிடம் இருப்பது கோர்க் மினிலாக் எக்ஸ்டி சிந்தசைசர். எந்தக் கீ எத்தனை சென்ட் ஏற வேண்டும், இறங்க வேண்டும் என்ற நம் சொந்தப் பட்டியலை அதில் இரண்டு விதமாக எழுதலாம்: பன்னிரண்டு கீக்கு மட்டும் எழுதி எல்லா ஸ்தாயிக்கும் பொருத்துவது ஒன்று, ஒவ்வொரு கீக்கும் தனித்தனியாக எழுதுவது இன்னொன்று. நம் வேலைக்கு முதலாவதே போதும். எந்தப் பொத்தான் என்பது மாடலுக்கு மாடல் மாறும். கையேட்டில் மைக்ரோ ட்யூனிங் பக்கத்தைப் பாருங்கள்.

முதலில் கருவியைப் போட்டுவிட்டு இருபது நிமிடம் விடுங்கள். ஒலியைப் பிறப்பிக்கும் அனலாக் ஆஸிலேட்டர் சூடேறும் வரை சுருதி நகரும். அது நகரும்போது சென்ட் கணக்கில் ட்யூன் செய்வது வீண். ஒலி மிக எளிமையாக இருக்கட்டும்: ஒரே ஒரு ஆஸிலேட்டர், சா டூத் அலை. டீட்யூன், கோரஸ், ரிவெர்ப், வைப்ரேட்டோ எல்லாவற்றையும் நிறுத்திவிடுங்கள். டீட்யூன், அதாவது இரண்டு ஆஸிலேட்டரைச் சற்றே விலக்கி வைப்பது, இருந்தால் அதுவே விம்மும். நாம் தேடும் விம்மல் அதில் மறைந்துபோகும்.

சுருதிப் பெட்டியை ஒரு கட்டையில், அதாவது சி-யில், ச-வும் ப-வும் ஒலிக்கும் பஞ்சம சுருதியாக வையுங்கள். பாடுகிறவர் சுருதி எதுவானாலும் பட்டியலைச் சி-க்கு எழுதிப் பிறகு நகர்த்துவதுதான் சுலபம். சட்ஜ கீயை அழுத்தி, சுருதிப் பெட்டியோடு விம்மல் முழுக்க அடங்கும் வரை, கருவி முழுவதன் சுருதியையும் நகர்த்தும் மாஸ்டர் ட்யூனைத் திருப்புங்கள். இதில் அவசரப்பட்டால் பின்னால் எல்லாமே கோணும்.

அடுத்து காந்தாரம். கீயை அழுத்திப் பிடித்தபடி மதிப்பை ஒவ்வொரு சென்ட்டாக இறக்குங்கள். விம்மல் தளர்ந்து, நீண்டு, மைனஸ் 14 பக்கத்தில் அசையாமல் நிற்கும். முதல் தடவை அப்படி நின்றபோது கீயை விட எனக்கு மனம் வரவில்லை. ரிஷபத்தையும் காகலி நிஷாதத்தையும் (மேல் நி) சுருதிப் பெட்டியின் பஞ்சமத்தோடு ஒட்டிப் பாருங்கள். இரண்டும் அந்தப் பஞ்சமத்துக்குள் இருப்பவை. ரி பிளஸ் 4-லும் நி மைனஸ் 12-லும் அடங்கும். மத்யமத்துக்கு மைனஸ் 2, பஞ்சமத்துக்குப் பிளஸ் 2; எண்ணைப் போட்டுவிட்டு நகருங்கள். சாதாரண காந்தாரம் (கீழ் க) பிளஸ் 16, சுத்த தைவதம் (கீழ் த) பிளஸ் 14.

சதுஸ்ருதி தைவதத்தில்தான், மேல் த-வில்தான், உட்கார்ந்து யோசிக்க வேண்டும். அது சட்ஜம், பஞ்சமம் இரண்டிலும் தெளிவாகக் கேட்காது. காந்தாரத்திலிருந்து நான்காவது சுரமாக எடுத்தால் மைனஸ் 16. ரிஷபத்துக்குப் பஞ்சமமாக எடுத்தால் பிளஸ் 6. நடுவே 22 சென்ட் வித்தியாசம். முதலில் மைனஸ் 16 வைத்தேன். தனியாக இனித்தது. ஆனால் மோகனத்தில் ரி, தா இரண்டையும் சேர்த்து அழுத்தினால் 702 சென்ட் இருக்க வேண்டிய இடைவெளி 680 ஆகச் சுருங்கி உறுத்தியது. டீச்சரை மோகன தைவதத்தில் நிற்கச் சொல்லி நான்கைந்து முறை கேட்டேன். அவர் குரல் மேலேதான் நின்றது. இப்போது அவருடைய மோகனத்துக்குப் பிளஸ் 6 போட்டு ஒரு பட்டியலும், மற்றவற்றுக்கு மைனஸ் 16 போட்டு இன்னொன்றும் வைத்திருக்கிறேன். எல்லா ராகத்துக்கும் ஒரே பட்டியல் என்று யாராவது கொடுத்தால், நீங்கள் வாசிக்கும் பாடகரின் தைவதத்தோடு ஒத்துப் பார்க்காமல் ஏற்காதீர்கள்.

கமகம், அதாவது அசைவு, ஏறும் சுரத்துக்கு இந்த உழைப்பு தேவையில்லை. தோடியின் காந்தாரம் ஓரிடத்தில் நிற்பதே இல்லை. அங்கே சுருதியை வளைக்கும் பிட்ச் பெண்ட்தான் பேச வேண்டும். நான் பெண்டை இரண்டு அரைச்சுரத்துக்கு வைத்திருக்கிறேன்.

பட்டியல் முடிந்ததும் ஸ்கேல் கீயை, அதாவது பட்டியல் எந்தக் கீயைச் சட்ஜமாகக் கொள்ள வேண்டும் என்ற அமைப்பை, நகர்த்துங்கள். ஐந்து கட்டை என்றால் ஜி, ஏழு படி மேலே. ஒரு நிகழ்ச்சியில் இதை மறந்துவிட்டு ஜி-யைச் சட்ஜமாக வாசித்தேன். மைனஸ் 16 பட்டியல் சி-யிலேயே நின்றிருந்தது. கொடுமை என்னவென்றால் சா, கா, பா, தா எல்லாம் சரியாகவே கேட்டன, கணக்கு அப்படி அமைந்துவிடுகிறது. ரிஷபம் மட்டும் 22 சென்ட் இறங்கிக் கிடந்தது. டீச்சர் ரிஷபத்தில் நிற்கும்போதெல்லாம் என் பக்கம் திரும்பினார். பாட்டு முடியும் வரை ரிஷபத்தைத் தொடாமல் வாசித்தேன். அன்றிரவு எனக்குத் தூக்கம் இல்லை.

ஒவ்வொரு கீக்கும் தனியாக எழுதும் பட்டியலையும் ஒரு நாள் முயன்று பாருங்கள். தஞ்சாவூர் ஆபிரகாம் பண்டிதர் ஸ்தாயியை 24 சம சுருதிகளாகப் பிரித்து வாதாடினார். கீக்குக் கீ 50 சென்ட் என்று எழுதினால் அவர் சொன்ன ஏணி விரல் நுனியில் வந்துவிடும். என் கருவியின் 37 கீயில் ஒன்றரை ஸ்தாயிதான் அடங்கும், விரல் பழக்கமும் தடுமாறும். ஆனாலும் ஒரு மாலைப்பொழுதை அதற்குத் தாராளமாகக் கொடுக்கலாம்.

மேடை ஏறும் முன் நான் இப்போது ரிஷபத்தைத்தான் சோதிக்கிறேன், காந்தாரத்தை அல்ல. ஐந்து கட்டையில் பஞ்சமத் தந்தி 147. அதன் மூன்று மடங்கு 441. ரி அதோடு அசையாமல் நின்றால் பட்டியல் சரியான இடத்தில் இருக்கிறது. நொடிக்கு ஒரு விம்மல் என்றால் மைக்ரோ ட்யூனிங்கே ஏறவில்லை, பழைய 440 தான் ஒலிக்கிறது. ஐந்துக்கு மேல் விம்மினால் ஸ்கேல் கீயைப் பாருங்கள்.